சந்தனப் பொட்டு வைத்த மேனிபோல்டு

போல்ட் உடைந்துவிட்டது என்று இனிமேல் யாரும் என்னிடம் வந்து நிற்காதீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. போல்ட் தானாக உடைந்து நான் பார்த்ததில்லை. யாரோ ஒருவர்தான் உடைக்கிறார். உடைத்தவர் "உடைத்துவிட்டேன்" என்று சொன்னால் என் கோபம் பாதி அப்போதே இறங்கிவிடும். அதைச் சொல்லத்தான் உங்களில் ஒருவருக்கும் வாய் வருவதில்லை.

சென்ற வாரம் ஒருவர் தன் காருக்கு ஹெட்டர் மாட்ட வேண்டும், சத்தம் கம்பீரமாக வர வேண்டும் என்று வண்டியை விட்டுவிட்டுப் போனார். பழைய மேனிபோல்டைக் கழற்றினால்தானே அந்தப் புதுக் குழாய்களை மாட்ட முடியும்? கழற்றப் போன நீங்கள் அதை இன்ஜினோடு பிடித்திருந்த ஸ்டட் போல்ட்களை வரிசையாக முறித்தீர்கள். முறிந்த மீதியை இன்ஜினுக்குள்ளேயே விட்டுவிட்டு, "துரு புடிச்சிருந்துச்சுங்க" என்று தலையைச் சொறிந்தீர்கள். துரு என்ன நேற்றா பிடித்தது? துரு பிடித்திருக்கிறது என்று தெரிந்துதானே ஸ்பானரைக் கையில் எடுத்தீர்கள்?

நான் வேலையை விட்டு ஓய்ந்து உட்கார்ந்தவன். பட்டறைப் பக்கம் போனால் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம் என்று வந்தேன். வந்த இடத்தில் இந்தக் காட்சி. பழைய அனுபவங்களை எழுதிக் கொடுங்கள், புதிதாக வேலைக்கு வந்தவர்கள் படிக்கட்டும் என்று உங்கள் முதலாளி வெகுநாளாக என் உயிரை வாங்கிக்கொண்டிருந்தார். இதோ எழுதுகிறேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மேனிபோல்டு என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். உங்கள் வீட்டில் யாராவது இதை எடுத்துப் படித்தால் விழிக்கக் கூடாதே என்பதற்காக ஒரு வார்த்தை. ஒவ்வொரு சிலிண்டரும் கக்குகிற புகையை ஒன்றாகச் சேர்த்து சைலன்சர் குழாய்க்கு அனுப்புகிற வார்ப்பிரும்புத் துண்டு அது. இன்ஜினின் விலாவில் வைத்து நட்டு போட்டு இறுக்கியிருப்பார்கள். பகலெல்லாம் சூட்டில் வெந்து, வண்டி நின்றதும் ஆறி, மறுநாள் மறுபடி வெந்து, நட்டும் ஸ்டட்டும் கடைசியில் ஒரே இரும்பாகிவிடும். அதை எப்படிக் கழற்றுவது என்று நான் இங்கே பாடம் நடத்தப் போவதில்லை. மண்ணெண்ணெய் ஊற்று, சூடு காட்டு, தட்டு, காத்திரு. இது எல்லாப் பட்டறையிலும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். தெரிந்தும் ஏன் உடைக்கிறீர்கள் என்பதுதான் என் கேள்வி. அதற்கு ஒரே பதில்தான் இருக்கிறது. பக்கத்தில் ஒருவர் நின்று அவசரப்படுத்துகிறார், நீங்களும் அவசரப்படுகிறீர்கள்.

என்னையும் ஒருவர் அப்படி அவசரப்படுத்தினார். அவர் பெயர் சென்னியப்பன்.

ஐம்பதுகளின் கடைசி அது. நாமக்கல்லில் திருச்சி ரோட்டு ஓரம் ஒரு பட்டறையில் நான் மேஸ்திரியாக இருந்தேன். டீசல் லாரிகள் வரத் தொடங்கியிருந்தன. ஆனாலும் யுத்தம் முடிந்து ராணுவம் ஏலம் விட்ட பழைய பெட்ரோல் லாரிகள் இன்னும் நிறைய ஓடிக்கொண்டிருந்தன. அவற்றில் சில வண்டிகளுக்கு இன்ஜினின் பின்பாதி கேபினுக்குள்ளேயே துருத்திக்கொண்டிருக்கும். டிரைவரின் முழங்காலுக்குப் பக்கத்தில் ஒரு தகர மூடி, மூடிக்குக் கீழே இன்ஜின். வெயில் காலத்தில் டிரைவர் வெந்து போவார். மார்கழியில் மட்டும் அது சுகமாக இருக்கும்.

சென்னியப்பனுக்குத் தோட்டமும் இருந்தது, அப்படிப்பட்ட ஒரு லாரியும் இருந்தது. சேந்தமங்கலம் பக்கம் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, ஏற்றி சேலத்து ஜவ்வரிசி மில்களுக்குக் கொண்டுபோய்ப் போடுவது அந்த வண்டியின் வேலை. தோண்டிய கிழங்கை வைத்திருக்க முடியாது, உள்ளே கறுத்துவிடும். கறுத்துவிட்டால் மில்லில் திரும்பிப் போ என்று தள்ளிவிடுவார்கள். அதனால் மார்கழி, தை மாதங்களில் சென்னியப்பனுக்கு எப்போதும் காலில் வெந்நீர் கொட்டியது போலத்தான் இருக்கும்.

ஒரு நாள் காலை, இரண்டு ஜோடி மாட்டைக் கட்டி அந்த லாரியை எங்கள் பட்டறைக்கு இழுத்து வந்தார்கள். முன்சக்கரத்துக்கு மேலிருக்கும் வில்லுப் பட்டை முறிந்து, வண்டி ஒருக்களித்து நின்றது. கிழங்கு முழுக்க அப்படியே மேலே இருந்தது. சென்னியப்பன் முன்னால் வந்தார். பின்னால் டிரைவர் அருளப்பன், கிளீனர் மாரிமுத்துவின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தான்.

"மேஸ்திரி, பட்டை போயிருச்சுங்க. சாயங்காலத்துக்குள்ள வண்டி ரோட்டுல ஓடோணும். அப்பறம் இவனையும் கொஞ்சம் பாத்துக்கங்க, எங்கீம் போயிறாம. இவனக் கொண்டுபோயி ஸ்டேசன்ல ஒப்படச்சுப்போட்டுத்தான் நான் ஊட்டுக்குப் போவேன்."

"ஏனுங்க, என்ன பண்ணிப்போட்டான்?"

"குடிச்சுப்போட்டு வண்டிய சோளக்காட்டுக்குள்ள உட்டுப்போட்டான். இன்னும் என்ன பண்ணோணும்?"

இன்றைக்கு இதைப் படிக்கிறவர்களுக்கு அதன் கனம் தெரியாது. அப்போது மதுவிலக்கு அமலில் இருந்தது. குடித்தவன் என்று ஸ்டேஷனில் ஒப்படைத்தால் ஜெயில்தான். டிரைவர் என்றால் லைசென்சும் போகும். மலையடிவாரத்தில் திருட்டுச் சரக்கு காய்ச்சுகிறார்கள் என்று ஊரே பேசிக்கொண்டிருந்த நேரம். அந்தப் பக்கத்தில் லோடு ஏற்றிக்கொண்டு வருகிற டிரைவர் தள்ளாடினால் யார் என்ன நினைப்பார்கள்? போதாததற்கு அருளப்பன் சேலம் டவுனைச் சேர்ந்த வேதக்காரன், கிறிஸ்தவன். "கோயில்லயே திராட்ச ரசம் குடிக்கறவிய" என்று வேடிக்கை பார்க்க வந்த ஒருவர் சொல்லிச் சிரித்தார். பூசையில் அதைப் பருகுவது சாமியார் மட்டும்தான் என்று அருளப்பன் அவருக்கு விளக்க முயன்றான். நாக்கு குழறியது. அதைக் கேட்டு இன்னும் இரண்டு பேர் சிரித்தார்கள்.

அவனை ஒரு பழைய டயர் மேல் உட்கார வைத்து முகத்தைப் பார்த்தேன். கண் சிவந்திருந்தது. முகமும் கன்னமும்கூட ரத்தம் ஏறியது போலச் சிவந்திருந்தன. வாயருகே மூக்கைக் கொண்டுபோனேன். வாடை இல்லை.

"வாட அடிக்காத சரக்கும் இருக்குதுங்க" என்றார் சென்னியப்பன், நான் எதையோ கண்டுபிடித்துவிடுவேனோ என்கிற எரிச்சலில்.

"எத்தன நாளா இப்பிடி?" என்று அருளப்பனைக் கேட்டேன்.

"பனி உளுக ஆரம்பிச்சதுல இருந்துங்க. வண்டி ஓட்டிட்டே இருந்தா தலை ரெண்டாப் பொளக்குது. கண்ணுல பூச்சி பறக்குது. எறங்கி நடந்தா காலு பின்னுது. மாதா மேல சத்தியமுங்க மேஸ்திரி, நான் தொட்டதே இல்லீங்க."

"கேபின் படுதாவ எறக்கிக் கட்டிக்கறயா?"

"பனிங்களே. கட்டாம எப்பிடிங்க?"

யுத்தகாலத்தில் நான் ராணுவப் பட்டறை ஒன்றில் வேலை பார்த்திருக்கிறேன். குளிருக்குக் கதவைச் சாத்திவிட்டு உள்ளே பெட்ரோல் இன்ஜினை ஓடவிட்டவர்கள் இப்படித்தான் முகம் சிவந்து, உளறி, சுருண்டு விழுந்தார்கள். பெட்ரோல் புகையில் ஒரு விஷக்காற்று உண்டு. அதற்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. மேனிபோல்டில் எங்கோ விரிசல் இருக்கிறது, புகை தகர மூடிக்கு அடியில் புகுந்து கேபினுக்குள் வருகிறது என்று என் மனதில் பட்டது. இன்னும் கொஞ்ச நேரம் அந்தப் படுதாவுக்குள் இருந்திருந்தால் சோளக்காட்டில் லாரியோடு சேர்த்து ஒரு பிணத்தையும் எடுத்திருப்பார்கள்.

சென்னியப்பனிடம் சொன்னேன். அவர் கேட்ட கேள்வி நியாயமானதுதான்.

"அப்ப மாரிமுத்துக்கு ஏனுங்க ஒண்ணுமே ஆவல?"

"மாரிமுத்து எங்க உக்காந்து வந்தான்?"

"கெழங்கு மேலதான். கயிறு அவுறாம ஆரு பாக்கறது?"

"அதுதானுங்க நானும் சொல்றேன். அவன் வெளிக்காத்துல வந்தான், இவன் படுதாவுக்குள்ள வந்தான்."

அவர் ஒப்புக்கொள்ளவில்லை. இன்ஜினை ஓடவிட்டு, சைலன்சர் வாயைச் சாக்கால் அடைத்து, காது கொடுத்துக் கேட்கச் சொன்னேன். பின்பக்கம் எங்கோ மெல்லச் சீறியது. "பழைய வண்டின்னா சீறாதுங்களா? நானே ஏணி ஏறுனா சீறறேன்" என்றார். இந்த மாதிரி விரிசல் இரும்பு நன்றாகச் சூடேறி, லோடு இழுக்கும்போதுதான் வாயைத் திறக்கும், பட்டறையில் நிற்கும்போது நல்ல பிள்ளை மாதிரி மூடிக்கொள்ளும். இதையெல்லாம் ஒரு கிழங்கு லோடு ஓனருக்குப் புரியவைப்பதற்குள் எனக்கு முழி பிதுங்கிவிட்டது.

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம். மேனிபோல்டைக் கழற்றிப் பார்ப்பது. விரிசல் இருந்தால் அருளப்பன் குடிக்கவில்லை. இல்லாவிட்டால் சாயங்காலம் ஸ்டேஷன்.

"நல்லா ஓடற இன்ஜினத் தொட்டு, எதாச்சும் ஒடஞ்சுதுன்னா?" என்று கேட்டார்.

"ஒடையாதுங்க" என்றேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பது இதுதான்.

இன்ஜின் மூடியைத் திறந்தேன். தலையில் அடித்துக்கொண்டேன். நம் ஊரில் ஆயுத பூசை வந்தால் வண்டியைக் கழுவுவோம், பொட்டு வைப்போம், மாலை போடுவோம். சென்னியப்பன் அதோடு நிறுத்துகிறவர் இல்லை. வருஷா வருஷம் இன்ஜினுக்கு வெள்ளிப் பெயிண்ட் அடிக்க வேண்டும், அதையும் வேறு யாரும் தொடக்கூடாது, தன் கையால்தான் அடிக்க வேண்டும். நட்டு, ஸ்டட்டு, மேனிபோல்டு எல்லாவற்றின் மேலும் பட்டைப் பட்டையாகப் பெயிண்ட். பெயிண்ட் மேல் ஒவ்வொரு நட்டுக்கும் சந்தனம், குங்குமம். சூட்டில் அது வெந்து ஓடாகப் பிடித்திருந்தது. ஸ்பானர் உட்காருவதற்கு நட்டில் ஒரு முனைகூட வெளியே தெரியவில்லை. நட்டை அப்படியே சாமியாக்கி வைத்திருந்தார்கள். சாமியைக் கழற்றுவது என்ன சுலபமா?

அதைவிட எனக்கு ஆத்திரம் வந்தது இன்ஜின் இருந்த சுத்தத்தைப் பார்த்துத்தான். புகை கசிகிற இடத்தில் கரி படியும். ஒரு பொட்டுக் கரி கண்ணில் பட்டிருந்தால் எந்த மெக்கானிக்கும் எப்போதோ கண்டுபிடித்திருப்பான். அங்கே தேடினாலும் கரி இல்லை.

"ஆருடா இத இப்பிடித் தொடச்சு வெச்சது?"

"நானுங்க" என்றான் அருளப்பன். "வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம மண்ணெண்ணெய் போட்டுத் தொடச்சு, பொட்டும் வெச்சுருவேனுங்க. நான் வேதக்காரன். பொட்டு வெக்காம உட்டா மொதலாளி மனசு சங்கடப்படுமேன்னு மத்தவங்களவிட ஒரு சுத்துக் கூடவே தொடப்பேனுங்க."

அவனை அடிப்பதா, கட்டிப் பிடித்துக்கொள்வதா? அவனைக் கொல்லப் பார்த்த புகையின் அடையாளத்தை வாராவாரம் அவனே துடைத்து, அதன் மேல் சந்தனமும் வைத்திருக்கிறான். அவன் குடிக்கவில்லை என்று சொல்ல உலகத்தில் இருந்த ஒரே சாட்சி அந்தக் கரிதான்.

வேலையைத் தொடங்கினோம். என்னோடு பொன்னுசாமி என்று ஒரு பிட்டர். நல்ல மனுஷன், அசுர பலம். அந்த இரண்டுமே அவனிடம் பிரச்சினை. அவனை ஓரமாக நிறுத்தி ஒரே ஒரு விஷயம் சொன்னேன்.

"பொன்னுசாமி, இது வார்ப்பிரும்பு. எங்கியாச்சும் பெலமாத் தட்டுனயின்னா ஒடஞ்சுரும். ஒடஞ்சுபோச்சுன்னா, உள்ள பழைய விரிசல் இருந்தாலும், நம்மதான் ஒடச்சோம்னு ஓனரு சொல்லிருவாரு. அருளப்பன் கத முடிஞ்சுது. நட்டு வரலன்னாலும் பரவால்ல. மேனிபோல்டு முழுசா வரோணும்."

"செரிங்க மேஸ்திரி" என்றான். அவன் எப்போதும் அப்படித்தான் சொல்வான்.

பெயிண்டைச் சுரண்டினோம். மண்ணெண்ணெய் ஊற்றினோம். தட்டினோம். காத்திருந்தோம். நான் முதல் நட்டில் ஸ்பானரை வைத்து, கழற்றுகிற பக்கம் திருப்பாமல், ஒரு மயிரிழை இறுக்கினேன். பிடித்துக்கொண்ட நட்டு முதலில் இறுக்குகிற பக்கம் அசைந்துவிட்டால் பிறகு திரும்பி வரும். இது உங்களுக்குத் தெரியும். சென்னியப்பனுக்குத் தெரியாது.

"கழட்டச் சொன்னா இறுக்கறான் பாரய்யா!" என்று வேடிக்கை பார்ப்பவர்களிடம் முறையிட்டார். அதிலிருந்து அவர் வாய் ஓயவில்லை. ஸ்பானர் காம்பில் பைப்பைப் போட்டு முறுக்குங்கள் என்றார். உளியால் வெட்டிவிடுங்கள் என்றார். சேலத்தில் தனக்குத் தெரிந்த ஒருவர் டீ ஆறுவதற்குள் கழற்றிவிடுவார் என்றார். அப்படியானால் வண்டியை அங்கேயே இழுத்துப் போயிருக்கலாமே என்று நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். வெயில் ஏற ஏற, லாரி மேலிருந்த கிழங்கை அவர் அண்ணாந்து பார்க்கும்போதெல்லாம் எங்கள் மேல் ஒரு சத்தம் விழும்.

ஒவ்வொன்றாக வந்தது. கேபினை ஒட்டி, கை நுழையாத மூலையில் இருந்த கடைசி நட்டு மட்டும் வரவில்லை. மறுபடியும் மண்ணெண்ணெய் ஊற்றிவிட்டு, "இத யாரும் தொடாதீங்க, ஊறட்டும்" என்று சொல்லிவிட்டு எழுந்தேன். அருளப்பன் வேப்பமரத்தடியில் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"எதாச்சும் சாப்ட்டயா?"

தலையாட்டினான். "பசிக்கலீங்க." வாயைக் கொப்பளித்துவிட்டு அவனாகவே சொன்னான். "மேஸ்திரி, எங்க ஊட்டுல தெரசம்மாளே நம்பலீங்க. அவங்கப்பா குடிச்சே செத்தவரு. நான் தள்ளாடிட்டு உள்ள போனா அவளுக்கு வேறென்ன தோணும்? சோத்துச் சட்டிய முன்னால வெச்சுட்டு மொகத்தத் திருப்பிட்டுப் போயிடறா. பனி ஆரம்பிச்சதுல இருந்து அவ கையால ஒரு கரண்டி சோறு போடலீங்க. குடிச்சேன்னு ஒத்துக்கிட்டா ஸ்டேசன்ல அடி கொறையுமான்னு இப்ப யோசிச்சிட்டு இருக்கறேன்."

"வாய மூடு. செய்யாத தப்ப ஒத்துக்கறதுக்கு நீ என்ன..." என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பட்டறைக்குள்ளிருந்து அந்தச் சத்தம் கேட்டது.

வார்ப்பிரும்பு உடைகிற சத்தம் வேறு எதைப் போலவும் இருக்காது. ஒருமுறை கேட்டால் மறக்காது. உள்ளே ஓடினேன். பொன்னுசாமி ஒரு கையில் சுத்தியும் மறு கையில் உளியுமாக நின்றுகொண்டிருந்தான். அருளப்பன் வாந்தி எடுப்பதைப் பார்க்கப் பொறுக்கவில்லையாம். சீக்கிரம் முடித்துக்கொடுத்தால் பாவம் அவனுக்கு நிம்மதியாக இருக்குமே என்று பைப்பைப் போட்டு முறுக்கியிருக்கிறான். நட்டின் முனை மழுங்கியது. உடனே உளியை வைத்து ஒரே போடு. மேனிபோல்டின் மூலைக் காது, அந்த ஸ்டட் நுழைகிற இடம், அப்படியே பெயர்ந்து கீழே கிடந்தது.

"ஒடச்சுப்போட்டேனுங்க மேஸ்திரி" என்றான். இதை மட்டும் அவனிடமிருந்து கற்றுக்கொள்ளுங்கள். துருவின் மேல் பழி போடவில்லை.

சென்னியப்பன் இடுப்பில் கையை வைத்துக்கொண்டார். அவர் குரல் இப்போது உயரவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"ஒடையாதுன்னீங்க. ஒடஞ்சுபோச்சு. இனி உள்ள விரிசல் இருக்குதுன்னு நீங்க எடுத்துக் காட்டுனா நான் எப்பிடிங்க நம்பறது? நீங்களே ஒடச்சுப்போட்டு அவனக் காப்பாத்தறீங்கன்னுதான் நெனைப்பேன். டேய் அருளப்பா, கெளம்புடா."

நான் அன்றைக்குப் பொன்னுசாமியைத் திட்டியிருக்கலாம். அவசரமாக மேனிபோல்டைப் பிடுங்கி, புரட்டி, இதோ பாருங்கள் என்று நீட்டியிருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் காரியம் கெட்டிருக்கும். என் கையிலிருந்து எது வந்தாலும் அவர் நம்பப் போவதில்லை. இரண்டு மூச்சு விட்டேன். பிறகு பொன்னுசாமியையும் மாரிமுத்துவையும் எட்டிப் போகச் சொன்னேன். நானும் தள்ளி நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"நாங்க ஆரும் தொடலீங்க. மத்த நட்டெல்லாம் வந்துருச்சு, இந்தக் காதும் போயிருச்சு. இழுத்தா வந்துரும். நீங்களே உங்க கையால எடுத்து, நீங்களே திருப்பிப் பாருங்க. பாத்துப்போட்டு நீங்க என்ன சொல்றீங்களோ அதுதான்."

அவர் சலவைச் சட்டை போட்டிருந்தார். சட்டையைக் கழற்றி மாரிமுத்துவிடம் கொடுத்துவிட்டுக் குனிந்தார். மேனிபோல்டு ஆடி ஆடி அவர் கைக்கு வந்தது. வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து புரட்டினார்.

பொன்னுசாமி உடைத்த இடம் புதுக்காசு மாதிரி பளபளவென்று சாம்பல் நிறத்தில் இருந்தது. அதற்கு ஒரு சாண் தள்ளி, அடிவயிற்றில் தொடங்கி மேலே வரை ஏறிய இன்னொரு விரிசல் இருந்தது. அதன் உள்விளிம்பு முழுக்கக் கன்னங்கரேல் என்று இருந்தது. அடிப்பக்கத்தில், துடைக்கிற துணி போகாத இடத்தில், கேபின் இருந்த பக்கமாக நாக்கு நீட்டியது போலக் கரி படிந்திருந்தது.

"இது இப்ப ஒடஞ்சது" என்று பளபளப்பான இடத்தைக் காட்டினேன். "இது?"

"இதும் முந்தாநாளு ஒடஞ்சிருக்கலாமே" என்றார். தோற்க மனதில்லை. "இவன் வண்டிய எங்கியாச்சும் மோதியிருப்பான்."

நான் அப்போதுதான் அதைப் பார்த்தேன். சத்தியமாக அதுவரை எனக்கும் தெரியாது. விரிசலின் மேல்முனையில், சந்தனம் பெயர்ந்த இடத்தில், கறுப்புக்கு நடுவே ஒரு கோடு மின்னியது.

"அந்த மேல்முனைல, விரிசலுக்குள்ள எறங்கியிருக்குதுங்களே, அது என்னதுங்க?"

நகத்தால் சுரண்டினார். வெள்ளிப் பெயிண்ட். மேலே பூசிய பெயிண்ட் விரிசலின் வாய்க்குள் வழிந்து, அங்கேயே காய்ந்து, கெட்டியாகப் பிடித்திருந்தது. விரிசல் விடுவதற்கு முன்னால் பூசிய பெயிண்ட் எப்படி விரிசலுக்குள் இறங்கும்? ஆயுத பூசையன்றே அது விட்டிருக்கிறது. அதைப் பார்க்காமல், அதன் மேலேயே பூசியிருக்கிறார்கள்.

யார் பூசியது என்று நான் கேட்கவில்லை. சென்னியப்பன் மறுபடி மறுபடி அந்தக் கோட்டைச் சுரண்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மேனிபோல்டைக் கீழே வைத்தார். வேப்பமரத்தடிக்குப் போய் அருளப்பன் முன்னால் நின்றார். அவன் பயந்து எழுந்துகொள்ளப் பார்த்தான். அவன் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்.

"எதாச்சும் சாப்ட்டயா சாமி?" என்றார்.

காலையிலிருந்து "டேய்" என்றும் "இவன்" என்றும்தான் அவர் வாயில் வந்தது. மன்னிப்புக் கேட்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. அந்தச் "சாமி"யைத் தவிர வேறு எதையும் அவரிடம் எதிர்பார்க்க முடியாது என்று அருளப்பனுக்கும் தெரியும். அவன் அழுதுவிட்டான். இவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வெயிலைத் திட்டினார்.

கிழங்கை வேறொரு லாரிக்கு மாற்றி அனுப்பினார்கள். அதில் கொஞ்சம் கறுத்துப் போய் மில்லில் தள்ளியும்விட்டார்கள். பழைய இரும்புக் கடையில் தேடி வேறொரு மேனிபோல்டு கொண்டுவந்து மாட்டினோம். பொன்னுசாமியைத் திட்ட வேண்டும் என்று நான் அடுத்த வாரம் முழுக்க முயற்சி செய்தேன். முடியவில்லை. அவன் உடைத்த அந்தப் புது உடைசல் பக்கத்தில் இல்லாவிட்டால் பழைய உடைசல் அவ்வளவு தெளிவாகத் தெரிந்திருக்காது. நான் வேண்டாம் என்று சொன்னதைச் செய்து, அதிலேயே நல்ல பெயரும் வாங்கிக்கொண்டால் அந்த ஆளை என்ன செய்வது? இதைப் படித்துவிட்டு, உடைத்தாலும் நல்லதுதான் நடக்கும் போலிருக்கிறது என்று உங்களில் யாராவது உளியைத் தூக்கினால் நான் பொறுப்பில்லை. நூறு முறை உடைத்தால் நூறு முறையும் நஷ்டம்தான். அன்றைக்கு அவன் தப்பித்தது அவன் அதிர்ஷ்டம், அருளப்பனின் அதிர்ஷ்டம்.

அன்று கிளம்பும்போது அருளப்பன் ஓனரிடம் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டான். உடைந்த மேனிபோல்டைத் தான் எடுத்துக்கொண்டு போகலாமா என்று.

"அத வெச்சுட்டு என்றா பண்ணப் போறே? எடைக்குப் போட்டாலும் நாலு காசு தேறாது."

"ஊட்டுல காட்டோணுங்க."

சென்னியப்பன் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். தூக்கிப் பார்த்தால் தோள் இறங்குகிற கனம். உடம்புக்கு முடியாதவன், நடக்கவே கால் பின்னுகிறவன், ஒரு சாக்கில் அதைச் சுற்றிக்கொண்டு சேலம் பஸ்சில் ஏறினான். சாமான் கட்டணம் கேட்டு கண்டக்டர் சத்தம் போட்டாராம்.

அடுத்து வந்தபோது முகத்தில் பழைய சிவப்பு இல்லை. கேபின் படுதாவைச் சுருட்டிக் கட்டியிருந்தான். வெள்ளிக்கிழமைப் பொட்டு மட்டும் அப்படியே இருந்தது. ஆனால் மேனிபோல்டில் இல்லை, ரேடியேட்டர் மேல் வைத்திருந்தான்.

"ஊட்டுல காட்டுனயா? தெரசம்மா என்ன சொன்னா?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லலீங்க. சாக்க அவுத்துத் தரையில வெச்சேன். இதுதான் என்னையத் தள்ளாட வெச்சுதுன்னேன். அவ குனிஞ்சு பாத்துட்டே இருந்தா. அப்பறம் அந்த விரிசல்ல வெரல வெச்சு, இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் இழுத்துப் பாத்தா. வெரலு கருப்பாயிருச்சுங்க. அந்தக் கரியவே ரொம்ப நேரம் பாத்துட்டு இருந்தா."

"அப்பறம்?"

"கையக் கழுவிட்டு வந்து சோறு போட்டாளுங்க."